மவுஸ் அவங்க கையிலேயே இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



புதுசா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற நம்ம உறுப்பினர்களுக்கு எப்படிச் சொல்லித்தரணும் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். ரெண்டு வருஷமா நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டர்ல குழுக் கணக்கு ஏத்துறேன். கத்துக்க வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லியும் தரேன். அதுல பார்த்ததை வெச்சுத்தான் பேசுறேன்.

முதல்ல, இது நமக்கு எதுக்கு என்று கேட்கிறவங்களுக்கு ஒரு பதில் சொல்லிடறேன். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமா, தமிழ்நாட்டுல சுய உதவிக் குழுக்களைத் தொடங்கினது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். அன்னைக்கு கையெழுத்துப் போடத் தெரியாத நம்ம பெரியம்மாக்கள், அத்தைகள் எல்லாம் தீர்மானப் புத்தகத்துல பேர் எழுதக் கத்துக்கிட்டாங்க. ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் நம்ம கையால எழுதினோம். யார் எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டத்துல சத்தமா வாசிச்சோம். கணக்கு நம்ம கண்ணு முன்னாடி இருந்துச்சு.

இப்ப அதே கணக்கு கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. நமக்கு அதைத் திறந்து பார்க்கத் தெரியலைன்னா, கணக்கு மறுபடியும் வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். இதை நான் சும்மா பேச்சுக்குச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன், கேளுங்க.

நம்ம கூட்டமைப்புல இருக்கிற ஒரு குழு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கடன் கணக்கை டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல கொடுத்து அடிச்சு வாங்கினாங்க. ஒரு அக்கா ஆடு வாங்க 20,000 ரூபாய் கடன் எடுத்திருந்தாங்க. மாசம் 2,000 அசல், பத்து தவணை. வட்டி நூத்துக்கு ஒரு ரூபாய், பாக்கி இருக்கிற தொகைக்கு மட்டும் என்று தீர்மானப் புத்தகத்துல தெளிவா எழுதியிருக்கு. அப்படின்னா முதல் மாசம் 200, ரெண்டாவது மாசம் 180, மூணாவது மாசம் 160 என்று குறைஞ்சுகிட்டே வரணும். ஆனா அடிச்சு வந்த தாள்ல பத்து மாசத்துக்கும் 200, 200 என்று இருந்துச்சு. மூணு மாசம் அப்படியே கட்டிட்டு, அந்த அக்கா கேட்டாங்க, "கையில எழுதினப்ப வட்டி குறையுமே, கம்ப்யூட்டர்ல எழுதினா குறையாதா?" என்று. சென்டர்ல போய்க் கேட்டதுக்கு, "கம்ப்யூட்டர் தப்பு போடாதும்மா" என்று சொல்லி அனுப்பிட்டாங்க.

அந்தக் குழுவோட ஊக்குநர் அப்பதான் நம்ம கட்டடத்துல கத்துக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த ஃபைலை பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து, வட்டி இருக்கிற கட்டத்துல அம்பை வெச்சு ஒரு தட்டு தட்டினாங்க. மேல நீளமான வெள்ளைப் பட்டையில அந்தக் கட்டத்துக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு தெரிஞ்சுது. சமக்குறி, டாலர் சி டாலர் 2, பெருக்கல், 1 சதவீதம். சி2 கட்டத்துல இருந்தது மொத்தக் கடன் 20,000. டாலர் குறி போட்டா அந்தக் கட்டத்தை ஆணி அடிச்ச மாதிரி. கீழே எத்தனை வரிக்குக் காப்பி பண்ணினாலும் அது நகராது. அதனாலதான் பத்து மாசமும் 20,000க்கே வட்டி போட்டிருக்கு. அந்த இடத்துல, அந்தந்த மாசப் பாக்கி இருக்கிற கட்டத்தை மாத்திக் கொடுத்ததும் 200, 180, 160 என்று 20 வரைக்கும் இறங்கிடுச்சு. கூட்டிப் பார்த்தா மொத்த வட்டி 1,100. பழைய தாள்படி கட்டியிருந்தா 2,000. ஒரு ஆளுக்கு 900 ரூபாய் வித்தியாசம். அதே அளவு கடன் வாங்கினவங்க அந்தக் குழுவுல நாலு பேர். 3,600 ரூபாய்.

மூணு மாசத்துல ஒவ்வொருத்தரும் அதிகமாக் கட்டினது 60 ரூபாய். நாலாவது மாச வட்டி 140. அதுல 60 கழிச்சு 80 ரூபாய் வாங்கினாங்க. கூட்டத்துல அதைத் தீர்மானமாவும் எழுதிட்டாங்க.

சென்டர்க்காரங்க வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்லலை. அவங்களுக்கு நம்ம தீர்மானம் தெரியாது. தெரிஞ்சவங்க நாம. நமக்குக் கட்டத்தைத் திறக்கத் தெரியணும். அவ்வளவுதான் விஷயம். இனி எப்படிச் சொல்லித்தர்றது என்று பார்ப்போம்.

புதுசா வர்றவங்களுக்கு முதல் பயம், எதையாவது தொட்டு உடைச்சிடுவோமோ என்பது. கை நடுங்கும். மவுஸை நகர்த்திக்கிட்டே போய் மேசை ஓரத்துல முட்டி நிப்பாங்க. "அம்பு போக மாட்டேங்குது கண்ணு" என்பாங்க. மவுஸைக் கொஞ்சம் தூக்கி மேசை நடுவுல வெச்சா மறுபடி போகும். இதை யாரும் சொல்லித்தர மாட்டாங்க, ஏன்னா தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு விஷயமாவே தோணாது. ரெண்டு தட்டு சேர்த்துத் தட்டறது வயசானவங்களுக்கு வராது. தட்டறதுக்குள்ள கை நகர்ந்துடும். அவங்களை ஒரே தட்டு தட்டச் சொல்லி, அப்புறம் எண்டர் சாவியைத் தட்டச் சொல்லுங்க. ஃபைல் திறந்துடும். எழுத்து சின்னதா இருந்தா, கண்ட்ரோல் சாவியை அழுத்திக்கிட்டு மவுஸ் நடுவுல இருக்கிற சக்கரத்தை மேல உருட்டினா திரையில எழுத்து பெரிசாகும். நிறைய பேருக்குப் படிப்பு வராம இல்லை, கண்ணுதான் தெரியறதில்லை.

பயம் போகணும்னா முதல் நாளே ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்க. கண்ட்ரோல் இசட். செஞ்சதை ஒரு படி பின்னாடி கொண்டு போறது. நான் என்ன பண்ணுவேன்னா, முதல் நாள் ஒரு காப்பி ஃபைலைத் திறந்து கொடுத்து, "இதுல இருக்கிற எதையாவது அழிங்க" என்று சொல்லுவேன். அழிக்கவே மாட்டாங்க. நாலு தடவை சொன்ன பிறகு, முகத்தைத் திருப்பிக்கிட்டு ஒரு தொகையை அழிப்பாங்க. அப்ப கண்ட்ரோல் இசட் தட்டச் சொல்லுவேன். போன தொகை அப்படியே வந்து நிக்கும். அதைப் பார்த்துட்டு ஒரு பெரியம்மா அன்னைக்கு இருபது தடவை அழிச்சு அழிச்சுக் கொண்டு வந்தாங்க. அதுக்கு அப்புறம் அவங்க கை நடுங்கலை. ஃபைலை மூடாத வரைக்கும்தான் இப்படிப் பின்னாடி போக முடியும் என்பதையும் கூடவே சொல்லிடுங்க. மூடிட்டா முடியாது.

அடுத்தது மெனு. திரைக்கு மேல வரிசையா ஃபைல், எடிட், வியூ, இன்சர்ட், ஃபார்மட் என்று இருக்கும். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிறது லிப்ரே ஆபீஸ். அது இலவசம், காசு கட்ட வேண்டியதில்லை. அதுல கணக்குப் போடற பகுதிக்கு கால்க் என்று பேர். நான் சொல்லித்தரும்போது வீட்டை வெச்சுத்தான் சொல்லுவேன். மெனு என்பது நம்ம சாமான் ரூம். எல்லாமே அதுக்குள்ள இருக்கும், ஆனா போய்த் தேடி எடுக்கணும். கீழே படம் படமா இருக்கிற டூல்பார், அஞ்சறைப் பெட்டி. தினமும் எடுக்கிற கடுகு, சீரகம், மஞ்சள் மட்டும் கையெட்டுற தூரத்துல இருக்கும். சாவியைத் தட்டிச் செய்யற குறுக்கு வழி, கரண்ட் போன நேரத்துலயும் கை தானாப் போய் உப்பு டப்பாவை எடுக்குதே, அந்த மாதிரி. மூணுமே ஒரே சமையலுக்குத்தான்.

இந்த மூணையும் எந்த வரிசையில சொல்லித்தர்றது என்பது முக்கியம். நிறைய பேர் எடுத்த உடனே குறுக்கு வழியைச் சொல்லித்தராங்க. "கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, அவ்வளவுதான் அக்கா" என்று. அந்த அக்கா நோட்டுல எழுதிக்கிட்டுப் போவாங்க. அடுத்த வாரம் வந்தா எந்த எழுத்துன்னு மறந்திருக்கும். மெனுவுல இருந்து தொடங்கினா மறந்தாலும் வழி இருக்கும், தேடிக் கண்டுபிடிச்சுக்கலாம்.

மெனு சொல்லித்தரும்போது ஒவ்வொண்ணையும் விளக்காதீங்க. அஞ்சே பேரை மட்டும் சொல்லுங்க. ஃபைல் என்றால் நோட்டைத் திறக்க, மூட, சேமிக்க, அச்சடிக்க. எடிட் என்றால் திருத்த. வியூ என்றால் திரையில எப்படித் தெரியணும் என்பது. இன்சர்ட் என்றால் புதுசா ஒண்ணை நுழைக்க. ஃபார்மட் என்றால் எழுத்து, கட்டம் எப்படி இருக்கணும் என்பது. அப்புறம் அவங்களையே தேட விடுங்க. "இந்தத் தாளை அச்சடிக்கணும், எதுக்குள்ள இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்க. தப்பாத் திறந்தாலும் சும்மா இருங்க. மெனுவைத் திறந்து பார்க்கிறதால எதுவும் மாறாது. எஸ்கேப் சாவியைத் தட்டினா மூடிக்கும்.

மெனுவைத் திறந்தா சில வரி மங்கலா இருக்கும். "இது கெட்டுப் போச்சு" என்று நினைச்சுக்குவாங்க. கெட்டுப் போகலை. இப்ப அதுக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். காப்பியே பண்ணாத வரைக்கும் ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்லையே, அதனால பேஸ்ட் மங்கலா இருக்கும். ஏதாவது ஒண்ணைக் காப்பி பண்ணிட்டுத் திறந்து பார்த்தா பளிச்சுன்னு ஆகியிருக்கும். இதைச் செஞ்சு காட்டினா கம்ப்யூட்டர் எப்படி யோசிக்குதுன்னு பாதி புரிஞ்சுடும்.

இன்னொரு விஷயம். மெனுவுல பல வரிகளோட வலப்பக்கத்துல சின்னதா ஏதோ எழுதியிருக்கும் பாருங்க. அதுதான் அந்த வேலைக்கான குறுக்கு வழி. தனியா புத்தகம் வாங்கவோ மனப்பாடம் பண்ணவோ வேண்டாம். தினமும் மெனு வழியாப் போறவங்க கண்ணுல அது பட்டுக்கிட்டே இருக்கும். பத்து நாள்ல அவங்களே, "இங்க கண்ட்ரோல் பி என்று போட்டிருக்கே, அதைத் தட்டினாலும் அச்சடிக்குமா?" என்று கேட்பாங்க. அப்படிக் கேட்கிற அன்னைக்குச் சொல்லிக்கொடுத்தா மறக்காது.

டூல்பார் படங்களுக்கு இங்கிலீஷ் தேவையில்லை. கத்தரிக்கோல் என்றால் வெட்டறது. ரெண்டு தாள் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா காப்பி. வளைஞ்சு பின்னாடி திரும்புற அம்பு என்றால் கண்ட்ரோல் இசட் செய்யற அதே வேலை. படத்து மேல அம்பைக் கொண்டு போய் தட்டாம சும்மா வெச்சா, அதோட பேர் ஒரு சின்னக் கட்டத்துல வரும். கூட்டல் போடறதுக்கு ஒரு குறி இருக்கு. அது என்னவென்று தெரியாம, எங்ககிட்ட வர்ற ஒரு பெரியம்மா அதுக்கு "படுத்த எம்" என்று பேர் வெச்சுட்டாங்க. இங்கிலீஷ் எம் எழுத்தைச் சாய்ச்சு வெச்ச மாதிரிதான் இருக்கும் அது. இப்ப எங்க எல்லாருக்கும் அது படுத்த எம்தான். அவங்க வைக்கிற பேரை மாத்தாதீங்க. கை அங்க போனாப் போதும்.

இனி குறுக்கு வழி. நூறு இருக்கு, நமக்கு எட்டு போதும். சேமிக்க கண்ட்ரோல் எஸ். பின்னாடி போக கண்ட்ரோல் இசட். வெட்ட கண்ட்ரோல் எக்ஸ். காப்பி எடுக்க கண்ட்ரோல் சி. ஒட்ட கண்ட்ரோல் வி. தேட கண்ட்ரோல் எஃப். அச்சடிக்க கண்ட்ரோல் பி. கட்டத்தைத் திறந்து பார்க்க எஃப்2.

இதுல இசட், எக்ஸ், சி, வி நாலும் கீபோர்டுல கீழ் வரிசையில பக்கத்துப் பக்கத்துல இருக்கும். எக்ஸ் பார்க்கிறதுக்குத் திறந்த கத்தரிக்கோல் மாதிரி இருக்கா, அதனால வெட்டறதுன்னு ஞாபகம் வெச்சுக்கலாம். இந்த வெட்டி ஒட்டற முறையை 1970களில் அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் லாரி டெஸ்லர். 2020இல் காலமானார். கம்ப்யூட்டர் தெரியாதவங்களை முன்னாடி உட்கார வெச்சு, அவங்க எங்க தடுமாறுறாங்கன்னு பார்த்துப் பார்த்து வேலை செஞ்சவர் அவர். நம்ம மாதிரி ஆளுங்களைப் பார்த்துத்தான் இதையே செஞ்சிருக்காங்க. அதனால, "எனக்கு மண்டையில ஏறாது" என்று யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

சாவி தட்டறதுலயும் ஒரு முறை இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல தட்டணும்னு நினைச்சு நிறைய பேர் திணறுவாங்க. கண்ட்ரோலை இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். விடாம, எழுத்தை ஒரே ஒரு தட்டு. அப்புறம் ரெண்டையும் விடணும். வி சாவியை அழுத்திக்கிட்டே இருந்தா ஒட்டிக்கிட்டே இருக்கும். கண்ட்ரோலை முன்னாடியே விட்டுட்டா, கட்டத்துல இருந்த தொகை போய் அந்த இடத்துல எழுத்து மட்டும் நிக்கும். பதறாம எஸ்கேப் தட்டினா பழைய தொகை வந்துடும். இதையும் ஒரு தடவை வேணும்னே செஞ்சு காட்டுங்க.

வேற இடத்துல போய் எக்செல் பார்த்தா திரை வேற மாதிரி இருக்கும். 2007இல் இருந்து எக்செல்ல பழைய மெனுவை எடுத்துட்டு, மேல பட்டை பட்டையா வெச்சுட்டாங்க. அதைப் பார்த்து, "கத்துக்கிட்டது எல்லாம் வீண்" என்று ஒருத்தர் அழுதே போயிட்டாங்க. வீண் இல்லை. நான் சொன்ன எட்டு குறுக்கு வழியும் அங்கேயும் அதேதான். எஃப்2 தட்டினா அங்கேயும் கட்டம் திறக்கும். அதனாலதான் மெனு, படம் எல்லாம் பழகின பிறகு இந்த எட்டையும் கையில ஏத்திடணும் என்கிறேன். திரை மாறினாலும் சாவி மாறாது.

எஃப்2 பத்தி இன்னும் கொஞ்சம். அதைத் தட்டினா கட்டத்துல இருக்கிறது வெறும் எண்ணா, இல்லை பின்னாடி கணக்கு இருக்கான்னு தெரியும். பார்த்துட்டு எஸ்கேப் தட்டி வெளிய வந்தா எதுவும் மாறியிருக்காது. மாசக் கூட்டத்துக்கு முன்னாடி மொத்தம் வர்ற கட்டம், வட்டிக் கட்டம் இந்த ரெண்டை மட்டுமாவது திறந்து பார்க்கணும். முன்னாடி சொன்ன 900 ரூபாயைக் காப்பாத்தினது இந்தப் பார்வைதான்.

எண் அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கட்டத்துல 200 என்று மட்டும் அடிக்கணும். 200 ரூ என்று அடிச்சா கம்ப்யூட்டர் அதை எழுத்தா எடுத்துக்கும், கூட்டல்ல சேர்க்காது. பன்னெண்டு பேர் ஆளுக்கு 200 சேமிப்பு கட்டினா 2,400 வரணும். ஒருத்தருக்கு மட்டும் 200 ரூ என்று அடிச்சிருந்தா 2,200தான் காட்டும், தப்பு இருக்குன்னு ஒரு குரலும் கொடுக்காது. கண்டுபிடிக்கிறது சுலபம். நாம எதையும் மாத்தாம இருந்தா எண் எல்லாம் கட்டத்தோட வலப்பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடப்பக்கம் நிக்கும். வரிசையில ஒண்ணு மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்னா அதைப் பாருங்க. அப்புறம் எப்பவும் போல பன்னெண்டு பேர், ஆளுக்கு 200 என்று வாய்க்கணக்கும் போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர் வந்துடுச்சுன்னு வாய்க்கணக்கை விட்டுடக்கூடாது.

பேர் எல்லாம் தமிழ்லயே அடிக்கணும் என்று நான் சொல்லுவேன். தன் பேரைத் தமிழ்ல பார்த்தாத்தான் உறுப்பினர் தன் வரியைத் தானே தேடிப் படிப்பாங்க. நாங்க பழகறது தமிழ்99 முறை. 1999இல் சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ரெண்டு ம சேர்ந்து வந்தா முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். நம்ம அஞ்சாவது படிச்ச அக்காக்கள் இங்கிலீஷ் எழுத்தை வெச்சுத் தமிழ் அடிக்கிறதைவிட இதைச் சீக்கிரமாப் பிடிச்சுக்கிறாங்க. விண்டோஸ் சாவியோட ஸ்பேஸ் தட்டினா தமிழும் இங்கிலீஷும் மாறி மாறி வரும்.

கடைசியா, சொல்லித்தர்றவங்களுக்கு நாலு வார்த்தை. இங்க உட்கார்ந்திருக்கிற காலேஜ் படிக்கிற பொண்ணுங்களும் கேட்டுக்குங்க.

முதலாவது, மவுஸைப் பிடுங்காதீங்க. "குடுங்கம்மா, நான் பண்ணிடறேன்" என்று சொன்னா வேலை முடியும், ஆனா உங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எவ்வளவு நேரம் ஆனாலும் மவுஸ் அவங்க கையிலேயே இருக்கட்டும். கையைக் கட்டிக்கிட்டு வாயால மட்டும் சொல்லுங்க.

ரெண்டாவது, "இது ரொம்ப ஈஸி" என்று சொல்லாதீங்க. ஈஸின்னு நீங்க சொன்னது அவங்களுக்கு வரலைன்னா, அவங்க மனசுல தன்னைத்தான் குறை சொல்லிக்குவாங்க. அடுத்த வாரம் வர மாட்டாங்க. வேற காரணம் சொல்லுவாங்க, மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு.

மூணாவது, அவங்க குழுக் கணக்கையே வெச்சுச் சொல்லித்தாங்க. ஆப்பிள், ஆரஞ்சு விலை அடிக்கச் சொன்னா தூக்கம் வரும். தன் பேருக்கு நேரா தன் சேமிப்பு, தன் பாக்கி வர்ற கட்டத்தை அடிக்கச் சொன்னா ஒரு ரூபாய் மாறினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஆனா காப்பி ஃபைல்ல பழக்குங்க. உண்மை ஃபைலைத் தனியா, குழுப் பேரும் மாசமும் வருஷமும் போட்டு வெச்சிடுங்க.

நாலாவது, ஒரு நாளைக்கு ரெண்டு விஷயத்துக்கு மேல வேண்டாம். போன வாரம் கத்துக்கிட்டவங்களை இந்த வாரம் புதுசா வந்தவங்களுக்குச் சொல்லித்தர வைங்க. அடுத்தவங்களுக்குச் சொல்லும்போதுதான் தனக்குத் தெரிஞ்சுது எது, தெரியாதது எதுன்னு புரியும்.

இந்தப் பேரவை முன்னாடி மூணு கோரிக்கை வைக்கிறேன். தலைவி அக்கா இதைத் தீர்மானமா எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் கத்துக்க வரணும். ஒருத்தர் கணக்கு எழுதறவங்க. இன்னொருத்தர் பதவி எதுவும் இல்லாத உறுப்பினரா இருக்கணும். கணக்கு எழுதறவங்களுக்கு மட்டுமே திறக்கத் தெரிஞ்சா, பழைய கதை வேற மாதிரி மறுபடியும் வரும். அவங்க மேல சந்தேகம் வந்து இதைச் சொல்லலை. ரெண்டு பேர் பார்த்தா அவங்களுக்கே ஒரு பாதுகாப்பு. நாளைக்கு ஒரு தொகை இடிச்சா பழி ஒருத்தர் தலையில விழாது.

ரெண்டு, வகுப்பு சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் இருக்கட்டும். காலையில வேலையும் சமையலும். சாயங்காலம் ஆனா மாடு கறக்கணும், பிள்ளைங்க வந்துடும். மத்தியானம்தான் நமக்குன்னு கொஞ்சம் நேரம் கிடைக்குது.

மூணு, மாசா மாசம் கணக்குத் தாளை அச்சடிச்சு, குழுக் கூட்டத்துல பழையபடி சத்தமா வாசிக்கணும். கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லிட்டு வாசிக்காம விட்டுடக்கூடாது. யாராவது ஒரு தொகையைக் கேட்டா, அடுத்த சனிக்கிழமை அவங்களையே கூட்டிட்டு வந்து, மவுஸை அவங்க கையில கொடுத்து, அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கச் சொல்லணும்.

அன்னைக்கு வட்டி ஏன் குறையலைன்னு கேட்ட அந்த ஆட்டுக்கார அக்கா இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. கடனை பத்து தவணையில முடிச்சுட்டாங்க. இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை வராங்க. தன் குழுவுக்கு சேமிப்புக் கணக்கு அடிக்கிறது அவங்கதான். அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, எஃப்2 எதுக்குன்னு சொல்லுவாங்க.

வர்ற சனிக்கிழமை பார்ப்போம்.